கள்ளுண்ணாமையும் கட்டிளமைப் பருவமும்

திருக்குறட் பொருட்பாலிலே சிற்றினஞ்சேராமை 46ஆம் அதிகாரமாகவும், கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. இவ்விரண்டுக்குமிடையே 46 அதிகாரங்கள் கிடக்கின்றன. ஆயினும் ஓர் இளைஞனுடைய வாழ்விலே இவை இரண்டும் ஒரே மாலைப்பொழுதில் வந்து கூடிவிடுகின்றன. மனத்தின்கண் உள்ளதுபோலத் தோன்றும் அறிவும் உண்மையில் ஒருவன் சேர்ந்த இனத்தைப் பற்றியதே என்பது முன்னைய அதிகாரத்துட் காணப்படும் கருத்து. மயங்கியவனுக்குக் காரணங்காட்டித் தெளிவித்தல் பயனில் முயற்சி என்பது பின்னையதனுட் காணப்படும் கருத்து. இரண்டையும் சேர்த்து நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். மதுவைப் பற்றிப் பிள்ளையோடு காரணங்காட்டிப் பேசுதற்குரிய காலம், அப்பிள்ளையின் கையிலே பிறர் கிண்ணத்தைக் கொடுப்பதற்கு முந்திய காலமே.

கள் தீது என்பதைத் தமிழ்ப் பிள்ளை அறியாதிருக்கின்றானா எனின், இல்லை. கொலை, களவு, கள், காமம், பொய் என்னும் பஞ்சமாபாதகங்களுள் ஒன்றாகச் சைவ வீடுகளில் அஃது எண்ணப்படுகின்றது. திருமந்திரத்தின் முதற் றந்திரத்திலே கள்ளுண்ணாமைக்குத் தனிப் பகுதி உண்டு. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் (1822–1879) நான்காம் பாலபாடத்திலே கள்ளுண்ணலைத் தனிப் பாடமாக வகுத்தார். முஸ்லிம் வீடுகளிலோ மது ‘ஹராம்’ என்னும் சொல், பிள்ளை எழுத்துக் கற்குமுன்னரே அவன் காதில் விழுகின்றது. இங்ஙனம் விலக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுள்ளும் சிலர் 15, 16 வயதிலே முதன்முறையாகக் குடிக்கத் தலைப்படுவது எதனால்? அறியாமையால் என்று கூறல் பொருந்தாது. தீதென்று அறிந்திருந்தும், நண்பர் நடுவே நின்று அதனைச் சொல்லும் வாயின்மையால் என்பதே தக்க விடையாகும். அவ்வாயைப் பிள்ளைக்கு அளிப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஊரும் விலக்கும்

விலக்கு மிக உறுதியாக நிலவும் ஓரூரை நிலைக்களனாகக் கொண்டால் இவ்வினா நன்கு விளங்கும். ஈழத்தின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இந்துக்கள் வாழும் ஊரும் முஸ்லிம்கள் வாழும் ஊரும் மாறிமாறி வரும் இவ்வரிசையிலே, விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்கு வடக்கே, சாய்ந்தமருதுக்கு அப்பால் உள்ளது கல்முனைக்குடி. 1961இல் உருவான அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்திலே, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர் இது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல், இடையிலே நெருங்கிய வீடுகள். நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்று விழா நிகழும் கடற்கரைப் பள்ளிவாசல் இவ்வூரின் அடையாளமாக விளங்குகின்றது. 2004 திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையிலே பல உயிர்களைக் கொண்டுபோயிற்று.

குடி என்னுஞ் சொல் தமிழிலே ஊரையும் குலத்தையும் உணர்த்தும், குடித்தலையும் உணர்த்தும். மூன்றாம் பொருள் முதலிரண்டையும் கெடுக்கவல்லது என்பதைக் கல்முனைக்குடியார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இப்பகுதியிலே இந்துக்களிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடிமுறை வேரூன்றியது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தவன். மணமானபின் ஆண்மகன் மனைவியின் வீட்டிலே வாழச் செல்கின்றான். வீடு பெண்மக்களுக்குச் சீதனமாக அமைகின்றது. இம்முறையினால் ஒரு பிள்ளையைச் சூழ்ந்து உம்மா, வாப்பா, மூத்தம்மா, மூத்தாப்பா, சாச்சி, தாய்மாமன் எனப் பலர் அண்மையிலேயே வாழ்கின்றனர். கண்காணிப்பாரும் பலர், கேட்பாரும் பலர். இஃது ஊரின் பெருஞ் செல்வமாகும்.

ஆயினும் இதற்கு மறுபுறமும் உண்டு. நெருக்கமான வீட்டிலே மாலைவேளையில் வளர்ந்த ஆண்பிள்ளைக்குத் தனியிடம் அரிது. ஆதலின் அவன் கடற்கரைக்கும், சந்திக்கும், மதகடிக்கும், தனியார் வகுப்பு வாசலுக்கும் செல்கின்றான். அங்கே அவனுக்குக் குடும்பமாக அமைவது அவனுடைய ‘செட்’ எனப்படும் நண்பர் குழுவே. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்தபின் பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் வெறுமையாகக் கழிகின்றன. வாடகை வாகனம் அமர்த்தி நண்பர் சேர்ந்து பயணம் போகும் காலம் அது. தெற்கே பொத்துவிலை அடுத்த அறுகம்குடா, அலைச்சறுக்கு விளையாட்டுக்காக வெளிநாட்டார் வந்து தங்கும் இடமாதலின், ஊரிலே காணாத மதுவை இளைஞர் அங்கே காணுதல் கூடும். உறவினர் கண்ணுக்கு எட்டாத முதல் நாளும், மதுவைக் கண்ணெதிரே காணும் முதல் நாளும் பலர்க்கு ஒரே நாளாக அமைந்துவிடுகின்றன.

மௌனத்தின் விளைவு

விலக்கு உறுதியாக உள்ள ஊரிலே ஓர் அபாயம் மறைந்திருக்கின்றது. ‘நம்மட பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள்’ என்னும் நம்பிக்கையே அது. அந்நம்பிக்கை பெரும்பாலும் மெய்யே. ஆயினும் மெய்யாயிருப்பதனாலேயே அது பேச்சுக்கு இடமளிக்காது போகின்றது. தொடமாட்டான் என்று துணிந்தபின் அவனோடு பேசுவதற்கு என்ன உளது? பேசினால் ஐயுற்றதாகும் என்று தாய் அஞ்சுகின்றாள்; வினாவினால் தன்னை ஐயுறுவர் என்று மகன் அஞ்சுகின்றான். இருவரும் வாய்திறவாதிருக்க, அவ்விடைவெளியிலே நண்பன் ஒருவன் பேசிவிடுகின்றான்.

இந்த மௌனம் சமயத்தின் கட்டளை என்று கருதற்க. இஸ்லாத்திலே மது விலக்கப்பட்ட வரலாறே இதற்குச் சான்று. திருக்குர்ஆனிலே அவ்விலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை. மதுவிலே சிறிது பயனுண்டெனினும் தீமையே பெரிது என்று காரணம் முதலிலே கூறப்பட்டது. பின்னர், மயக்கத்தோடு தொழுகையை நெருங்குதல் தடுக்கப்பட்டது. அதன் பின்னரே முற்றான விலக்கு வந்தது; அப்பொழுதும் அது மக்களிடையே பகையை மூட்டும், இறைநினைவைத் தடுக்கும் என்னும் காரணங்கள் உடன் உரைக்கப்பட்டன. காரணம், பழக்கக் குறைப்பு, விலக்கு என்னும் இவ்வொழுங்கு கல்வியாளர் கருத்திற் கொள்ளத்தக்கது.

இன்னுமொரு வரலாறு ஹதீஸ் நூல்களிலே காணப்படுகின்றது. இளைஞன் ஒருவன் நபிகளிடம் வந்து, ஒழுக்கக்கேடான ஒரு செயலுக்கு வெளிப்படையாகவே அனுமதி வேண்டினான். சூழ இருந்தோர் அவனை அதட்டினர். நபிகளோ அவனை அருகழைத்து இருத்தி, உன் தாய்க்கு இதனை விரும்புவாயா, உன் சகோதரிக்கு விரும்புவாயா என ஒவ்வொன்றாக வினாவினார். அவனே இல்லை என விடை கூறினான். பின்னர் அவன்மீது கைவைத்து அவனுக்காகப் பிரார்த்தித்தார். அருகழைத்தல், இருத்தல், வினாவுதல், விடையை அவன் வாயிலிருந்தே வருவித்தல், அன்போடு தொடுதல் என்னும் ஐந்தும் அந்நிகழ்ச்சியில் உள. இளைஞரோடு பேசும் முறையைப் பற்றி இற்றைநாள் உளநூலார் எழுதுவன பெரும்பாலும் இவ்வைந்தின் விரிவேயாகும்.

குழு செய்யும் மயக்கம்

சகபாடிகளின் அமுக்கம் என்றவுடன், நால்வர் சேர்ந்து ஒருவனைப் பிடித்து வாயில் ஊற்றும் காட்சியே பெற்றோர் மனத்தில் எழுகின்றது. அவ்வாறு நிகழ்தல் அரிது. பெரும்பாலும் ஒருவரும் ஒருவரையும் வற்புறுத்துவதில்லை. ‘மச்சான், ஒருக்கா ருசி பாரு’ என்னும் ஒரு சொல். அதன் பின்னே ஒரு சிரிப்பு. பின்னர்ச் சிறிது நேர அமைதி. அவ்வமைதியே அமுக்கமாகும்.

அதன் வலிமையை அமெரிக்க உளநூலார் சொலமன் ஆஷ் 1950களில் அளந்து காட்டினார். ஒரு கோட்டுக்குச் சமமான நீளமுடைய கோட்டை மூன்றனுள் தெரிந்து கூறுக என்பதே அவர் கொடுத்த வேலை; தனியே கேட்டால் எவரும் தவறார். ஆயின், முன்னேற்பாட்டின்படி ஏனையோர் அனைவரும் தவறான கோட்டையே சுட்ட, ஒருவன் மட்டும் உண்மையறியாது இருத்தப்பட்டான். அவ்வாறு இருத்தப்பட்டவர்களுள் முக்காற்பங்கினர் ஒருமுறையேனும் பிறரைப் பின்பற்றித் தவறு கூறினர். அவர் அளித்த விடைகளுள் ஏறத்தாழ மூன்றிலொன்று பிழையாயிற்று. கண்ணாற் கண்டதையே மறுத்துரைக்கச் செய்யும் வலிமை ஒருமித்த கூட்டத்துக்கு உண்டு என்பது இதனாற் புலப்பட்டது. இவ்வாராய்ச்சியின் மற்றொரு முடிபு பெற்றோர்க்கு இன்னும் பயன்படுவது. அக்கூட்டத்திலே ஒரேயொருவன் உண்மையான விடையைக் கூறத் தொடங்கியதும், பிழைகள் காற்பங்காகக் குறைந்தன. துணைக்கு ஒருவன் போதும். ஆதலின், ‘அந்தச் செட்டை விட்டுவிடு’ என்று பிள்ளைக்குக் கட்டளையிடுவதினும், ‘அந்தச் செட்டிலே உன்னைப்போலக் குடிக்க விரும்பாதவன் ஆர்?’ என்று வினாவி, அவனோடு சேர்ந்து நிற்கத் தூண்டுதல் பயன் பெரிதுடையது.

மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்ரைன்பேர்க் என்னும் இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் கருதத்தக்கது. ஆபத்தை அளக்கும் ஒரு வாகன விளையாட்டை 13 முதல் 16 வயதினரும், 18 முதல் 22 வயதினரும், 24 வயதும் அதற்கு மேலும் உடையோரும் ஆடினர். நண்பர் உடனிருந்தபோது, தனியே ஆடியதினும் மிகுதியான துணிகரச் செயலில் இளையோர் இறங்கினர். மூத்தோரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. வீட்டிலே தனியே வினாவும்போது அறிவோடு விடை கூறும் மகன், கடற்கரையில் நண்பரிடையே வேறொருவனாதல் நடிப்பாலன்று. அவன் பருவத்தின் இயல்பே அது. ‘நேற்று நல்லபிள்ளை மாதிரிப் பேசினாயே’ என்று குத்திக்காட்டுதல் பொருந்தாமை இதனால் விளங்கும்.

மூன்றாவதாக, குழுவின் அமுக்கத்திலே பெரும்பங்கு தவறான எண்ணத்தினால் விளைவது. வெஸ்லி பேர்க்கின்ஸ், அலன் பேர்க்கோவிற்ஸ் என்போர் 1986இல் வெளியிட்ட ஆய்விலே, கல்லூரி மாணாக்கர் தம் சகபாடிகள் மதுவை ஆதரிப்பதாக உண்மையினும் மிகுதியாக எண்ணியிருந்தமை புலனாயிற்று. ‘எல்லாரும் குடிக்கிறாங்க’ என்னும் வாக்கியம் பெரும்பாலும் பொய். ஆனால் ஒவ்வொருவனும் அதனை மெய்யென்று எண்ணித் தன் விருப்பமின்மையை மறைப்பதனால், கூட்டம் முழுவதும் எவரும் விரும்பாத ஒன்றைச் செய்துவிடுதலும் உண்டு. மது அரிதாகவே புழங்கும் கல்முனைக்குடி போன்ற ஊரிலே இப்பொய்யை உடைத்தல் எளிது. உன் வகுப்பிலே எத்தனை பேர், அவருள் உண்மையிலே குடித்தவர் எத்தனை பேர் என்று விரலால் எண்ணச் செய்தலே போதும்.

இளம் உடலும் சட்டமும்

பிள்ளை ‘ஏன்?’ என்று வினாவும்போது ‘ஹராம்’ என்றோ ‘பாவம்’ என்றோ கூறல் முறையே. ஆயினும் அத்துடன் நில்லாது உலகியற் காரணங்களையும் கூறல் வேண்டும். முன் யோசித்துத் தன்னை அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டே இருக்கின்றது. அவ்வளர்ச்சிக் காலத்திலே மது புகுதல் நன்றன்று. ஐக்கிய அமெரிக்காவில் பிறிஜெற் கிராண்ட், டெபோரா டோசன் என்போர் 1997இல் வெளியிட்ட ஆய்விலே, 15 வயதின் முன் குடிக்கத் தொடங்கியோருள் ஏறத்தாழ 40 வீதத்தினர் வாழ்விலே ஒருகால் மதுவுக்கு அடிமையாயினர். 20 வயதின் பின் தொடங்கியோருள் அத்தொகை ஏறத்தாழ 10 வீதமே. முந்தித் தொடங்கியதே முழுக் காரணம் என்று இதனால் முடிவு கட்டலாகாது; குடும்பமும் சூழலும் உடன்நிற்கும் காரணங்களாதல் கூடும். எனினும் தொடக்கத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வோராண்டும் பயனுடையதென்று கருத இடமுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மதுபானத்தைப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதல் வகுப்பில் 1988இலேயே சேர்த்தது.

இளைஞர்க்கு முதுமைக்கால நோய்களைக் காட்டினும் அன்றிரவு நேரக்கூடியவற்றைக் கூறலே உறைக்கும். கசிப்பு முதலிய கள்ள வடிப்புகளிலே மெதனோல் கலந்திருப்பின் கண்பார்வை போகும், உயிரும் போகும். ஈரல் மதுவை எரிப்பது தன் வேகத்திலேயே. கோப்பியாலும் தேசிக்காய்ச் சாற்றாலும் அவ்வேகம் கூடாது. குடித்து உணர்விழந்தவனை மல்லாத்திக் கிடத்தினால் வாந்தி மூச்சுக்குழலிற் புகுந்து இறத்தல் கூடும். அவனைப் பக்கவாட்டிற் கிடத்தித் தனியே விடாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இதனைக் கற்பித்தல் குடிக்க அனுமதித்தலாகாது. நீந்தத் தெரிந்தவனுக்கும் ஆழத்தைக் காட்டிவைத்தல் போன்றதே.

சட்டமும் பிள்ளைக்குத் துணைநிற்பது. இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார தேசிய அதிகாரசபைச் சட்டம், 21 வயது நிரம்பாதோர்க்கு மதுவும் புகையிலைப் பொருளும் விற்றலைத் தடுக்கின்றது. மதுவுக்கு விளம்பரஞ் செய்தலையும் அது தடுக்கின்றது. 18 வயதிலே வாக்களிக்கும் உரிமையை வழங்கும் நாடு, மதுவுக்கு மேலும் மூன்றாண்டு காத்திருக்கச் சொல்வது ஏன் என்னும் வினாவோடு ஒரு நல்ல உரையாடலைத் தொடங்கலாம்.

பேசும் முறை

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பயணம் போன பொடியன்கள் சிலர் குடித்தனர் என்னும் செய்தி அயல்வீட்டிலிருந்து வருகின்றது. இஷாத் தொழுகை முடிந்து வந்த வாப்பா, ‘அவனுகளோட சேந்தா காலை முறிச்சிருவன்’ என்கின்றார். மகன் ‘சரி வாப்பா’ என்கின்றான். பேச்சு முடிந்துவிட்டது. வாப்பா தம் கடமையைச் செய்துவிட்டதாக எண்ணுகின்றார். மகனோ இனி எதனை மறைக்கவேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டான்.

அதே வீட்டிலே பேச்சு வேறு வகையாகவும் நிகழலாம். வயலுக்குப் போகும் வழியிலே, மோட்டார்ச் சைக்கிளின் பின்னே மகன் இருக்க, ‘மகன், இப்படி ஒரு கதை கேள்விப்பட்டன். உன்ட கையில ஒருத்தன் தந்தா என்ன சொல்லுவாய்?’ என்று வாப்பா வினாவுகின்றார். முகத்துக்கு முகம் நோக்காத இடமாதலின் மகனுக்குக் கூச்சம் குறைவு. ‘வேணாம் எண்டு சொல்லுவன்.’ ‘சிரிச்சா?’ மகன் சிறிது நேரம் பேசாதிருக்கின்றான். ‘தெரியா வாப்பா.’ அந்தத் ‘தெரியா’ என்னும் விடையே உரையாடலின் தொடக்கமாகும். அதனைக் கேட்டுச் சினவாத தந்தைக்கு மறுநாளும் மகன் விடை கூறுவான்.

இதனை ஆராய்ச்சியும் உறுதிசெய்கின்றது. சுவீடனிலே ஹோகான் ஸ்ராற்றின், மார்கரெட் கெர் என்போர் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டிலே ஒரு முடிபை வெளியிட்டனர். பிள்ளை எங்கே, எவரோடு, என்ன செய்கின்றான் என்று நன்கறிந்த பெற்றோருள் பெரும்பாலார் அவ்வறிவைப் பெற்றது வேவு பார்த்ததனாலன்று. பிள்ளை தானாகவே வந்து கூறியதனால். ஆகவே எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதினும், எவ்வாறு சொல்லவைப்பது என்பதே பெற்றோர் ஆராயவேண்டிய வினா.

பிள்ளைக்கு மறுப்புச் சொல்லையும் முன்னரே பழக்கிவைத்தல் வேண்டும். அச்சொல் சிறிதாயிருத்தல் நன்று. ‘வேணாம் மச்சான், நான் குடிக்கிறதில்ல’ என்பது போதும். காரணங் கூறத் தொடங்கினால் வாதம் பிறக்கும். வாதத்திலே கூட்டமே வெல்லும். கையிலே ஒரு சோடாப் போத்தல் இருப்பின் அடுத்த கிண்ணம் கைக்கு வராது. வேண்டுமாயின் பழியைப் பெற்றோர்மீது போடவும் அவனுக்கு உரிமை கொடுக்கலாம். ‘வாப்பா முழிச்சிக்கிட்டு இருப்பார், வாய மணந்து பாப்பார்’ என்று கூறிச் சிரித்து விலகும் பிள்ளைக்கு நண்பரிடையே மானம் போவதில்லை. வாப்பாவின் கண்டிப்பு அங்கே மகனுக்குக் கேடயமாகின்றது. மேலும், இக்கட்டிலே அகப்பட்டபோது தொலைபேசியிற் கூறத்தக்க ஒரு குறிப்புச் சொல்லை வீட்டார் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். ‘உம்மாட மருந்து வாங்கின?’ என்று மகன் வினாவினால், வாப்பாவோ தாய்மாமனோ உடனே சென்று அழைத்துவருதல் வேண்டும். அன்றிரவு ஒரு வினாவும் வினாவலாகாது. விசாரணை மறுநாட் காலைக்கு உரியது.

வாப்பா கத்தாரிலோ சவூதி அரேபியாவிலோ உழைக்கும் வீடுகள் இக்கரையிலே பல. அங்கே தொலைபேசிப் பேச்சு பெரும்பாலும் பணத்தையும் பரீட்சைப் புள்ளிகளையும் பற்றியே நிகழ்கின்றது. கிழமைக்கொருமுறை மகனோடு தனியே பத்து நிமிடம், வேறெதுவும் கேளாது அவன் நண்பரைப் பற்றி மட்டும் பேசுந் தந்தை தொலைவிலிருந்தும் அண்மையில் இருப்பவராவார். தந்தையிடம் கூறமுடியாததைத் தாய்மாமனிடம் கூறும் பிள்ளையும் உளன். மூத்தாப்பா இளமையிற் கண்ட குடிகெட்ட கதை, அறிவுரையினும் ஆழமாகப் பதிதலும் உண்டு.

பெண்பிள்ளைகளை இப்பேச்சிலிருந்து விலக்குதல் தவறு. குடிப்பவனைத் தம்பியாகவும், பின்னர்க் கணவனாகவும் தாங்கும் துன்பம் அவர்களைச் சேர்வது. மேலும், தம்பி வாப்பாவிடம் மறைப்பதை ராத்தாவிடம் மறைப்பதில்லை.

பள்ளியும் ஊரும்

பாடசாலைகளிலே பெரும்பாலும் நிகழ்வது ஆண்டுக்கொருமுறை ஒரு சொற்பொழிவு. அதன் பயன் சிறிது என்பதற்கு வெளிநாட்டு அநுபவம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே 1983இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒரு திட்டத்திலே பொலிஸ் உத்தியோகத்தர் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமையை விளக்கினர். 1990களில் நிகழ்ந்த மதிப்பாய்வுகள், மாணாக்கரின் பழக்கத்தை அது மிகச் சிறிதே மாற்றியது எனக் கண்டன. இதற்கு மாறாக, ஐஸ்லாந்திலே 15, 16 வயதினருள் முந்திய மாதத்திலே ஒருமுறையேனும் வெறிகொண்டோர் 1998இல் 42 வீதமாயிருந்து 2016இல் 5 வீதமாகக் குறைந்தனர். அங்கே அச்சுறுத்தலினும் மாலைப்பொழுதைப் பயன்படுத்தலே முதன்மை பெற்றது. விளையாட்டுக்கும் இசைக்கும் கலைக்கும் நகரசபைகள் பொருளுதவி செய்தன. பெற்றோர் ஒருவரோடொருவர் உடன்படிக்கை செய்துகொண்டனர். இரவிலே பிள்ளைகள் வெளியே திரியும் நேரம் வரையறுக்கப்பட்டது.

ஐஸ்லாந்து பொருளாலே தேடிக்கொண்ட உறவுப் பிணைப்பைக் கல்முனைக்குடி தன் குடிமுறையாலும் பள்ளிவாசலாலும் முன்னரே பெற்றிருக்கின்றது. குறைவது ஒன்றே. குத்பாப் பிரசங்கத்திலே மதுவின் தீமை உரைக்கப்படும்போது, தவறிய பிள்ளையை வீடு எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பதும் உரைக்கப்படுதல் நன்று. பரீட்சைக்குப் பிந்திய வெறுமையான மாதங்களிலே காற்பந்தும் நூலகமும் தொழிற்பயிற்சியும் இளைஞர்க்குக் கிடைத்தல் நன்று. ஒரே குழுவைச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்து, பயணத்துக்கு முன் ஒருமுறை கூடிப் பேசுதல் நன்று. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. காரைதீவிலும் பாண்டிருப்பிலும், கோயிலை நடுவாகக் கொண்ட ஏனைய ஊர்களிலும் இவை பொருந்தும்.

தவறியவன் திரும்பும்போது

எல்லா ஆயத்தமும் செய்தபின்னும் ஒருவன் தவறுதல் கூடும். உண்மையான சோதனை அப்பொழுதுதான் தொடங்குகின்றது. விலக்கு உறுதியாக உள்ள ஊரிலே தவறியவனுடைய வெட்கமும் பெரிது. வீட்டிலே தெரிந்தால் உம்மா தாங்கமாட்டாள், ஊரிலே தெரிந்தால் குடும்பத்தின் மானம் போகும், தங்கையின் திருமணப் பேச்சும் தடைப்படும் என்று அவன் எண்ணுகின்றான். இவ்வெண்ணங்கள் வெறுங் கற்பனையல்ல. வீடு தன்னை ஏற்காது என்று துணிந்தவன், தன்னை ஏற்பாரிடமே செல்வான். அவனை ஏற்க எப்பொழுதும் ஆயத்தமாயிருப்பது, அவன் கையிலே முதற் கிண்ணத்தைக் கொடுத்த அக்குழுவே. ஒருமுறை தவறியவனை வாழ்நாட் குடிகாரனாக்குவதிலே மதுவின் பங்கு பாதியாயின், வெட்கத்தின் பங்கு மற்றைப் பாதி எனலாம். இற்றைநாளிலே அச்சந்தரும் போதை மாத்திரைகளும் ‘ஐஸ்’ எனப்படும் நச்சும் இளைஞரைப் பற்றுவது இதே வழியால் ஆதலின், இவ்வொரு வழியை அடைத்தல் பலவற்றையும் அடைத்தலாகும்.

ஆகவே தவறியவனிடம் முதலிலே கூறத்தக்கது தண்டனையாகாது. பாதுகாப்பாக வீடு வந்து சேர்ந்தமைக்கு நன்றி கூறுதலே முதல். அன்றிரவு நீர் கொடுத்து, உறங்கவைத்து, அருகிருத்தல் இரண்டாவது. மறுநாள் சினம் ஆறியபின், என்ன நிகழ்ந்தது, எவ்விடத்திலே மறுப்பது கடினமாயிற்று, மற்றொருமுறை என்ன செய்யலாம் என்று அவனையே கூறச் செய்தல் மூன்றாவது. அதன்பின் ஒரு சிறு தண்டனை விதிப்பினும் அவன் அதனை நீதியென்று ஏற்பான். மீண்டும் மீண்டும் நிகழுமாயின் மறைத்துவையாது மருத்துவரை நாடுதல் வேண்டும். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணிலே ஆலோசனை பெறலாம். குடியடிமை நோயுமாகும் என்பதை ஏற்றல் சமயத்துக்கு மாறாகாது. நோயாளியைப் பேணுதலும் அறமே.

கள்ளுண்ணாமை தமிழ் மக்களின் பழைய அறம். சைவரும் முஸ்லிம்களும் வெவ்வேறு நூல்களைப் போற்றினும் இவ்வறத்திலே ஒரே கரையில் நிற்கின்றனர். அவ்வறத்தைப் பிள்ளைக்கு அறிவித்தலோடு பெரியோர் கடமை முடிவதில்லை. கூட்டத்தின் நடுவே அதனைச் சொல்ல ஒரு சிறு சொல்லையும், சொல்லத் தவறியபோதும் அச்சமின்றி வந்து தட்டுதற்கு ஒரு வீட்டுக் கதவையும் அவனுக்கு அளித்தல் வேண்டும். இரவு எந்நேரமாயினும் அக்கதவைத் திறந்து, ‘உள்ளே வா மகன்’ என்னும் உம்மாவும் வாப்பாவும் உள்ள வீட்டுப் பிள்ளை, தவறியவிடத்தும் வழி காணாது திகைப்பதில்லை.